பின்னால் வரும் வண்டி

ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் இங்கே சுகம். இந்த 'இருவரும்' இன்னும் எத்தனை நாளைக்கு என்பதைப் பற்றித்தான் நீ காலையில் போனில் அழுதாய். நான் "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். எதிர்முனையில் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றாலே எனக்கு வாக்கியம் பாதியில் நின்றுவிடும். எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் சொல்.

உனக்கு உன் மாமா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது என்பதில் உன் கோபம் நியாயம். ஆனால் எனக்கே அது துணி மடிக்கும்போதுதான் தெரியவந்தது. உன் அம்மா ஒரு போர்வையின் இரண்டு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசக் கடைசியில ஒரு பாலைவன நாட்டுக்குப் போறேன்" என்றாள். ஏதோ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயர் என்று நினைத்தேன். யாரோடு என்று கேட்டேன். "என்னோடதான்" என்றாள். பிறகு, "முனையை விட்டுட்டீங்க, எடுங்க" என்றாள்.

ஏன் பாலைவனம் என்று நீ கேட்டாய். நானும் கேட்டேன். "இருபத்தெட்டு வருஷம் பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுண்டர்ல உக்காந்து கேள்வியாவே கேட்டாச்சு. ஜனம் ரொம்பக் கம்மியா இருக்கிற நாடு எதுன்னு தேடினேன். விலையும் கம்மியா இருந்துது" என்றாள். இதற்கு மேல் காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அவள் விளையாட்டாகக் கிளம்பவில்லை என்பதற்கு நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வெயில் காலத்தில் அங்கே யாரும் போகமாட்டார்களாம். அதனால் விமானமும் அறையும் ஏறக்குறைய பாதி விலை. "வெயிலை எனக்குப் புதுசாவா காட்டப் போறாங்க?" என்கிறாள். பெரிய ஓட்டல் வேண்டாம் என்று, பெண்களுக்கு மட்டும் அறை விடும் ஒரு வீட்டுக்காரம்மாவைக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்தம்மா கணவரை இழந்தவர், நல்ல குரல். இருவரும் போனில் குரலைப் பதிவு செய்து பதிவு செய்து அனுப்பிப் பேசிக்கொள்கிறார்கள். இவளுக்கு அந்த மொழி தெரியாது, அந்தம்மாவுக்கு நம் மொழி தெரியாது. போன் மொழிபெயர்க்கிறது. இருந்தும் இருவரும் போனைக் கேட்காமல் நேரடியாகச் சிரிக்கிறார்கள். எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

தினமும் சாயங்காலம் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மொட்டை மாடி வரை ஏறி இறங்குகிறாள். எடைக்காக என்னுடைய இரண்டு பெரிய அகராதிகளை உள்ளே வைத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவை வெளிக்காற்று வாங்குவது இதுவே முதல் தடவை. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால், "உங்க அகராதிக்குத்தான் வாங்குது" என்கிறாள். முதல் வாரம் இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது உட்காருவதில்லை.

உன் மாமா நேற்று வந்தார். வந்ததும் வராததுமாக, "என்னக்கா, இந்த வயசுல உன்னை ஏத்திக்கிட்டு நடக்க எந்த ஒட்டகம் ஒத்துக்கும்?" என்றார். "ஒட்டகம் மேல ஏற யார்கிட்ட காசு இருக்கு? நான் ஷேர் ஜீப்புல போறேன். நீ உன் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டினியாடா?" என்றாள். அவர் பேச்சை மாற்றிவிட்டார். போகும்போது வாசலில் என் காதருகே வந்து, "அத்தான், நீங்கதான் ஏதாவது செய்யணும்" என்றார். எல்லோரும் என்னிடம்தான் வருகிறீர்கள். நான் இதுவரை ஏதாவது செய்த ஒரு சந்தர்ப்பத்தை யாராவது நினைவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.

நீ சொன்ன யோசனையைப் பற்றி. "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுங்கப்பா, அம்மா உடனே நின்னுடுவாங்க" என்றாய். நின்றுவிடுவாள், அதில் சந்தேகமில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நான் யோசிக்கிறேன். பயணச்சீட்டு இன்னும் வாங்கவில்லை. அடுத்த வெள்ளி வரை அந்த விலை இருக்குமாம். அதுவரை பொறுத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகும் பெண்ணிடம் வழியில் முதலில் கேட்பது 'புருஷன் எங்கே' என்பதைத்தானாம். தனியாக வந்திருக்கிறேன் என்று சொல்லவே கூடாதாம். அதற்காக அந்த மொழியில் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டிருக்கிறாள். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதைச் சொல்லிப் பார்க்கிறாள். அர்த்தம் கேட்டேன். "என் கணவர் பின்னால் வரும் வண்டியில் வருகிறார்" என்பதாம். நானும் கூடவே சொல்லிப் பார்த்தேன். என் உச்சரிப்பு சரியில்லை என்றாள். நீங்கள் சொல்லத் தேவையில்லை, நீங்கள்தானே பின்னால் வருபவர் என்றும் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவிடம் பேசும்போது குரலை உயர்த்தாதே என்று எழுத நினைத்தேன். நீ பேசுவதையே நிறுத்திவிட்டாய் என்பதால் எழுதவில்லை.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா


வெள்ளி, பிற்பகல்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நமக்கு இங்கே வெயில் என்றால் உங்களுக்கு அங்கே குளிர்; நீ அனுப்பிய குளிர்கால உடைகளின் படம் கண்டேன். மாப்பிள்ளைக்கு அந்த நீலம் எடுப்பாக இருக்கிறது.

உட்கார்ந்து நிதானமாகப் படி. பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது. எப்படி நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். உன்னிடம் மறைக்க எதுவுமில்லை.

வேலைக்காலம் முழுவதும் நான் பேருந்து நிலையத்தின் மாடியில் கால அட்டவணைப் பிரிவில் இருந்தவன். எந்த வண்டி எப்போது கிளம்பி எப்போது போய்ச் சேரும் என்பதைக் கட்டம் போட்டு எழுதுவது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அவளைத் தடுக்கவும் தைரியம் வரவில்லை, அனுப்பவும் வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எனக்குத் தெரிந்ததையாவது செய்வோம் என்று திங்கட்கிழமை பெரிய தாளை விரித்தேன். தலைநகரத்தில் இறங்குவது, அங்கிருந்து ஈச்சமரத்தோப்பு ஊருக்கு, அங்கே வீட்டுக்காரம்மாவின் வீடு, அங்கிருந்து நடுவழித் தங்கலில் வண்டி மாறி உப்புச் சமவெளிக்கு. கணினியில் தேடிப் புறப்படும் நேரம், சேரும் நேரம், தாமதத்துக்கு என்று கொஞ்சம் இடைவெளி எல்லாம் போட்டேன். நீலம், சிவப்பு என்று இரண்டு மை. நன்றாக வந்திருந்தது. என் வேலையை நானே நன்று என்று சொல்வது அபூர்வம் என்பது உனக்குத் தெரியும்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். "ஏங்க, அங்க வண்டி மணியைப் பாத்துக் கிளம்பாதுங்க. ஆள் நிரம்பினாத்தான் கிளம்பும். காலையில உக்காந்தா சாயங்காலமும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம்" என்றாள். அப்படியானால் நான் தேடி எடுத்த நேரங்கள் என்று கேட்டேன். "யாராவது உங்களை மாதிரி ஒருத்தர் மாடியில உக்காந்து எழுதியிருப்பார்" என்றாள்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் கவனித்துவிட்டாள். தன் தாளைக் கொண்டுவந்து என் தாளின் பக்கத்தில் வைத்தாள்.

மகளே, அதைப் பார்த்தபோது நான் நினைத்ததை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதில் ஒரு நேரம்கூட இல்லை. எங்கே காத்திருப்பது என்று மட்டும் இருந்தது. தலைநகரத்தில் பெண்கள் உட்காரும் பந்தல் எந்தப் பக்கம், நிழல் மத்தியானத்துக்குப் பிறகு எங்கே விழும், கழிப்பறைச் சாவி எந்தக் கடையில், பக்கத்தில் இரவு வரை திறந்திருக்கும் மருந்துக்கடை எது, இருட்டிய பிறகும் வண்டி நிரம்பாவிட்டால் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். ஒவ்வொரு இடத்துக்கும் இப்படியே. எல்லாம் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. நான் பயணத்தைத் திட்டமிட்டிருந்தேன். அவள் காத்திருப்பதைத் திட்டமிட்டிருந்தாள்.

இதை எங்கே கற்றாய் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று புரிந்தது. "நீங்க எழுதின அட்டவணையைக் கண்ணாடிக்குள்ள ஒட்டிவச்சுட்டு, அந்த வண்டி ஏன் வரலைன்னு ஜனங்களுக்கு நான்தானே பதில் சொன்னேன்? வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. தண்ணி அங்க இருக்கு, குழந்தையைத் தூங்க வைக்க அந்த பெஞ்சு நல்லது, அந்தப் பக்கம் தனியா நிக்காதம்மா... இதைத்தான் சொல்ல முடியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கவுண்டரில் பேசுவாளே, கண்ணாடித் துளையை நோக்கிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அப்படிச் சொன்னாள். ஒரே கட்டடத்தில் இருவரும் வேலை பார்த்தோம். மதியம் சேர்ந்து சாப்பிட்டோம். கீழே அவள் என்ன வேலை செய்தாள் என்பதை நான் இந்தத் திங்கட்கிழமைதான் பார்த்தேன்.

இனி இன்று காலை. கணினி முன்னால் உட்கார்ந்து எல்லா விவரமும் நிரப்பி முடித்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "வேண்டாம்னா இப்பச் சொல்லுங்க. உங்க மேல சத்தியமா மனசுல வச்சுக்க மாட்டேன். பணம் கட்டினப்புறம் சொன்னீங்கன்னா நான் கேக்க மாட்டேன். கட்டினா பணம் திரும்பி வராத டிக்கெட்டு இது" என்றாள்.

நீ சொல்லிக்கொடுத்தது என் நாக்கு நுனியில் இருந்தது. நெஞ்சைப் பிடிக்கக்கூட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே போதும். அவள் கணினியை மூடியிருப்பாள், மாலையில் பையிலிருந்து அகராதிகளை எடுத்து அலமாரியில் வைத்திருப்பாள், அதைப் பற்றி ஒருநாளும் பேசியிருக்கமாட்டாள். எனக்கு அது தெரியும். அவளுக்கும் அது தெரியும். அப்படித் தெரிந்தும் அதை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தைரியம் பாலைவனத்துக்குப் போவதற்குக்கூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நான் கேட்டது இவ்வளவுதான்: "ஜன்னல் ஓர சீட் இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, "ஜன்னலுக்குத் தனிக் காசாம்" என்றாள். நான் தருகிறேன் என்றேன். "வேணாம். நடுவுல உக்காந்தா ரெண்டு பக்கமும் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டினாள்.

உனக்குச் செய்தது துரோகமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இருக்கலாம். நீ பயப்படுவது எதுவுமே பொய்யில்லை. அந்தப் பயமெல்லாம் எனக்கும் உண்டு. உனக்குத் தோன்றாத சிலவும் கூடுதலாக உண்டு. ஆனால் பயப்படுவது நானாக இருக்கும்போது வீட்டிலேயே இருக்கவேண்டியது அவளா என்ற கேள்விக்கு என்னால் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்தால் எழுது.

புறப்படும் முன் ஒரு முறையாவது அவளோடு பேசு. புத்தி சொல்ல வேண்டாம். பையில் என்ன வைத்தாய் என்று கேள், போதும். இரண்டே உடுப்பு, துவைத்து மாற்றிக்கொள்ள. அதை யாரிடமாவது காட்டவேண்டும் என்று துடிக்கிறாள். என்னிடம் மூன்று முறை காட்டியாகிவிட்டது.

உன் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
அப்பா


புதன், காலை

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். முதலில் நல்ல செய்தி. அம்மா நலம். தோப்பு ஊருக்குத் திரும்பி வந்து, நேற்று மாலை பேசிவிட்டாள். நீ போனை எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டாள். எடுக்கப் பிடிக்காமலா, வேலையிலா என்று அவள் கேட்கவில்லை, நானும் ஊகிக்கவில்லை.

ஞாயிறன்று நீ தூதரகத்துக்குப் புகார் கொடுக்கப் போகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கை தவறி வைத்ததாக நீ நினைத்திருக்கலாம். தவறவில்லை. உப்புச் சமவெளிப் பக்கம் போன் எடுக்காது, இரண்டு மூன்று நாள் செய்தி இருக்காது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சொன்னபடி செய்தி வராமல் இருப்பதற்குப் புகார் கொடுக்கமுடியுமா என்பதுதான் என் எண்ணம். எண்ணத்தில் மட்டும்தான் இவ்வளவு நிதானம். சாப்பாடு இறங்கவில்லை. உன் மாமா வந்து கூடவே உட்கார்ந்திருந்தார். கிண்டல் எதுவும் செய்யாததால் எனக்குப் பயம் இன்னும் அதிகமானது.

நடந்தது இதுதான். தோப்பு ஊரிலிருந்து ஷேர் ஜீப்பில் ஏறி நடுவழித் தங்கலில் இறங்கியிருக்கிறாள். நாலு தூண், ஒரு கூரை, தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். அங்கே உப்புச் சமவெளிக்குப் போகும் வண்டிக்காரர், வயதானவர், புருஷன் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவளும் பழகி வைத்திருந்த வாக்கியத்தை ஒரு பிசகும் இல்லாமல் சொல்லியிருக்கிறாள். உச்சரிப்பு அத்தனை சுத்தம் போலிருக்கிறது. அவர் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டார்.

புருஷன் பின்னால் வருகிறார் என்றால் அவரை விட்டுவிட்டு மனைவியை மட்டும் பாலைவனத்துக்குள் கூட்டிப்போவது எப்படி? அவர்கள் ஊர் வழக்கம் அப்படி இல்லையாம். வண்டியில் இருந்த அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் இறங்கிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வண்டி வந்தது, நான் இல்லை. சாயங்காலம் இன்னொன்று, அதிலும் இல்லை. உண்மையைச் சொல்ல இவளுக்கு அந்த மொழியில் வேறு வாக்கியம் தெரியாது. போன் அங்கே மொழிபெயர்க்காது. ஒரு மனிதர் எதிரே வரும் தூசியைப் பார்த்தாலே எழுந்து நின்று எனக்காகக் கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இரவு அங்கேயே தங்கினார்கள். ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. ஒரு பெண் தன் போர்வையில் பாதியை இவளுக்குக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் விடியற்காலை தோப்பு ஊருக்குத் திரும்பிய ஜீப்பில், விசாரித்துச் சொல்லும்படி வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வண்டிக்காரர் ஜீப் ஓட்டுநரின் போனில் தன் குரலைப் பதிவு செய்தே கொடுத்திருந்தார். அந்தம்மா அதை எனக்கு அனுப்பினார், அவர் சொன்னதைக் கீழே நம் மொழியில் மூன்று வரியாகப் போட்டு: உங்கள் மனைவி நலம். வண்டி உங்களுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்?

திங்கட்கிழமை காலை, உன் மாமா பக்கத்தில் இருக்க, அந்தப் பதிவைக் கேட்டேன். பெரியவரின் குரல் நிதானமாக, மரியாதையாக எதையோ கேட்கிறது. ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து இன்னொரு குரல். காற்றையும் மீறி, கவுண்டரில் கூட்டம் நெரிக்கும் நாளில் கேட்குமே, அந்தக் குரல்: "அவர் வரமாட்டாருங்க! நீங்க வண்டிய எடுங்க! ஐயா, அவர் எங்கயும் வரமாட்டாருங்க!"

உன் மாமா சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அதை மறுபடி மறுபடி கேட்டேன். அவள் நலம் என்பது முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் எனக்காகக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்காரம்மாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த நடையில்தான் வந்தது: 'என் வண்டி ரத்து. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தயவுசெய்து புறப்படவும்.' அனுப்பிய பிறகு இது மிகவும் வறட்டுத்தனமாக இருக்கிறதே என்று தோன்றி, 'அவளைப் பத்திரமாகக் கூட்டிப்போனால் என்றும் நன்றியுடையவனாவேன்' என்று ஒரு வரி சேர்த்தேன். அது மதியம் புறப்பட்ட ஜீப்பில் போய்ச் சேர்ந்ததாம். பெரியவர் கூடியிருந்தவர்களுக்கு அதைச் சொல்லி, எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டு, அப்புறம் வண்டியை எடுத்திருக்கிறார்கள். என் இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. "உங்க சீட்டுல தண்ணி கேனை வச்சாங்க. எனக்குக் கால் நீட்ட வசதியா இருந்துது" என்றாள்.

உப்புச் சமவெளி எப்படி இருந்தது என்று கேட்டேன். "வந்து சொல்றேங்க" என்றாள். அவளிடம் ஒரு கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் இருந்தது, நான் அறிந்தவரை அந்த ஒரு தடவைதான்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. வீட்டுக்காரம்மாவின் தங்கை வடக்கே இன்னும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாராம். கூட்டிப்போக ஆள் இருக்கிறது, அங்கே தங்கக் காசு வேண்டாம் என்கிறார்களாம். போகலாமா, திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டால் உங்களுக்குக் கஷ்டமா என்று கேட்டாள். எனக்கு என்ன கஷ்டம், நிதானமாக வா என்று சொல்லிவிட்டேன். உடனே சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

அவள் அடுத்துக் கூப்பிடுவது உன்னைத்தான். இந்த முறை எடு, மகளே. திட்டுவதானால் திட்டு; நீ பேசாமல் இருப்பதைவிட அது அவளுக்குச் சுலபம். சமவெளியைப் பற்றி உன்னிடமாவது சொல்கிறாளா பார். வடக்கே போய்வா என்று நீயும் சொல்லிவிடு. நீ சொல்லாதவரை அவள் முழு மனதோடு போகமாட்டாள்.

எல்லாம் பேசி முடித்த பிறகு, எந்த நாள் திரும்பி வருகிறாள் என்பதை மட்டும் உனக்காகக் கேட்பதுபோல் கேட்டு எனக்கு எழுது. நான் கேட்டால் அவசரப்படுத்துவதுபோல் இருக்கும்.

இருவரும் நீடூழி வாழ்க.

அன்புடன்,
அப்பா